துறைக்கொரு பலகை வையுங்கள்: திருகோணமலைக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத் தலைவர்களே, செயலாளர்களே, படகும் வலையும் வைத்து ஆட்களை அமர்த்தித் தொழில் நடத்தும் சம்மாட்டிமாரே, நிலாவெளியிலும் உப்புவெளியிலும் பயணிகளை ஏற்றி இறக்கும் படகுக்கார அண்ணன் தம்பிமாரே,

வணக்கம். கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பக்கத்து உறவுகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை எங்கெங்கே படகு இறங்குகிறதோ, அந்த ஒவ்வொரு துறையிலும் ஒரு பலகை வேண்டும். மறுநாள் காற்று எப்படி, அலை எப்படி என்று பொழுது சாயுமுன் அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதுவதற்கு அந்தத் துறையை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். பலகைக்குக் கீழே ஒரு கொப்பி: யார் கடலுக்குப் போனார், எந்தப் பக்கம் போனார், எத்தனை மணிக்குத் திரும்புவதாகச் சொன்னார். இதற்கு அரசாங்கத்தின் அனுமதி தேவையில்லை. வெளிநாட்டு நிதியும் தேவையில்லை. சங்கம் ஒரு கூட்டத்தில் தீர்மானித்தால் அடுத்த நாளே தொடங்கிவிடலாம்.

நான் கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தவள். பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். பருவக்காற்றை வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டும்போது, முன்வாங்கில் இருக்கும் பிள்ளைகளில் பலரின் அப்பாமார் அதே காற்றுக்குள் படகில் நிற்கிறார்கள். என் அண்ணாவும் அவர்களில் ஒருவர். இரவில் எதிர்வுகூறலை வாசித்து அவருக்குத் தொலைபேசியில் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. நான் சொல்லி முடித்ததும், “சரி, அது எங்கட பக்கம் எப்பிடி?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் நான் வாசித்த தாளில் இருக்காது. பதில் அவரிடமும் அவர் வயதுக்காரரிடமும்தான் இருக்கிறது. இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கென்று தனியாக எதிர்வுகூறல் வெளியிடுகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வரும், மணிக்கு எத்தனை கிலோமீற்றர், மழை உண்டா, எங்கே கடல் கொந்தளிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தமிழிலும் வருகிறது. ஆனால் அது ஒரு தீவு முழுவதற்கும் எழுதப்படுவது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை என்ற அளவில் ஒரு நீண்ட கரை ஒரே வரிக்குள் அடங்கிவிடும். கொக்கிளாய் முகத்துவாரமும் அந்த வரிக்குள்தான், மூதூரும் கிண்ணியாவும் இருக்கும் கொட்டியாரக்குடாவும் அதற்குள்தான். இறக்கக்கண்டி முகத்துவாரத்தில் இந்த மாதம் மணல் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று கொழும்பில் இருந்து எழுதுபவருக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்குத் தெரியும். அந்த நீண்ட வரியை எடுத்து, இந்தத் துறைக்கு நாளைக்கு இது என்று சுருக்கி எழுதும் வேலையைத் துறையில் இருப்பவர்கள்தான் செய்ய முடியும்.

கச்சானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். என் பயம் எல்லாம் அதில்தான்.

வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாதி வரை எங்கள் கரைக்கு நல்ல காலம் என்று எல்லோரும் சொல்கிறோம். மேற்கிலும் தெற்கிலும் கடல் கொதிக்கும்போது இங்கே தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிறது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. அதுதான் எங்கள் கச்சான். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. கரையோரத்தில் அலையை எழுப்ப அதற்குத் தூரம் போதாது. அதனால் மணலில் நின்று பார்ப்பவனுக்குக் கடல் தூங்குகிறது. வெளியே போகப் போகக் காற்று தண்ணீர்மேல் ஓடும் தூரம் கூடுகிறது, அலையும் கூடுகிறது. சில கடல்மைல் தாண்டியதும் வேறு கடல். கரையில் நின்று அதைக் காண முடியாது. அலை நம்மை விட்டு விலகிப் போவதால் அதன் முதுகுதான் நமக்குத் தெரியும். வெள்ளை உடைவது மறுபக்கம்.

போகும்போது காற்று பின்னால் தள்ளுகிறது. எஞ்சின் இலேசாக இழுக்கிறது, படகு வழுக்கிக்கொண்டு போகிறது. திரும்பும்போது அதே காற்று முகத்தில். மூக்கில் அடிக்கும் ஒவ்வொரு அலையும் படகை நிறுத்தப் பார்க்கும். போகச் செலவான அளவு எண்ணெய் திரும்பி வரப் போதாது. 2022 ஆகஸ்டில், படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கானில் மிச்சமாக ஐந்து லீற்றர் வைத்துக்கொண்டு போவது பலருக்குப் பாரமானது அந்தக் காலத்தில்தான். அந்த ஐந்து லீற்றர்தான் கச்சானில் வீடு திரும்பும் வழி. பலகையில் “கச்சான் கடுமை” என்று எழுதியிருந்தால், அதற்குப் பக்கத்திலேயே “எண்ணெய் கூடக் கொண்டுபோ” என்றும் எழுதுங்கள்.

எஞ்சின் நின்றுவிட்டால்? வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் காற்று படகைக் கரைப்பக்கம் ஒதுக்கும். பாறையில் மோதலாம், முகத்துவாரத்தில் கவிழலாம், ஆனாலும் கரை பக்கத்தில் இருக்கும். கச்சானில் படகு கிழக்கே போகும். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து நேர் கிழக்கே நிக்கோபார்த் தீவுகள் வரை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தரை கிடையாது. நங்கூரம் போடலாம் என்று சொல்வார்கள். எங்கள் கடலோ கரையிலிருந்து வெகுதூரம் போகுமுன்னே ஆழமாகிவிடும் கடல். கொட்டியாரக்குடாவுக்குள்ளிருந்தே தொடங்கும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு, உலகில் உள்ள பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. நீலத்திமிங்கிலம் கரையிலிருந்து பார்க்கும் தூரத்துக்கு வருவதும் அந்த ஆழத்தால்தான். அங்கே படகில் இருக்கும் கயிறு எந்த மூலைக்கு?

அந்தப் பள்ளத்தாக்கினால் இன்னொன்றும் நடக்கிறது. ஆழமான தண்ணீர்மேல் அலை விரைந்து ஓடும், ஆழம் குறைந்த இடத்தில் பின்தங்கி வளையும். பள்ளத்தின் நடுக்கோட்டில் அலை விரிந்து தணியும். இரு ஓரத்துத் திட்டுகளில் குவிந்து உயரும். ஆகவே ஒரே குடாவுக்குள், ஒரே காலையில், ஒருவர் “கடல் பரவாயில்லை” என்பார், இன்னொருவர் “நிற்கவே ஏலாது” என்பார். இருவர் சொல்வதும் உண்மை. மூதூர்ப் பலகையும் கிண்ணியாப் பலகையும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழ். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடாவின் முழு நீளத்தையும் ஓடிவந்த அலை குடாவின் வாயில் நேரே நுழைகிறது. ஆனால் உள்துறைமுகம் அசையாது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது அதைத்தான். உள்ளே நின்று பார்த்துவிட்டு, இன்றைக்குக் கடல் நல்லது என்று புறப்படும் இளம் பிள்ளை குடா வாயிலுள்ள ஃபவுல் பொயின்ற் வெளிச்சவீட்டுப் பக்கம் போனதும்தான் உண்மையைக் காண்கிறான். மகாவலி வெள்ளம் இறங்கும் நாட்களில் ஆற்றோட்டம் வெளியே தள்ளும், அலை உள்ளே தள்ளும். இரண்டும் முட்டும் இடத்தில் அலை குறுகி நிமிர்ந்து நிற்கும். வெள்ளத்தோடு வரும் மரக்கட்டைகள் வேறு. இருட்டில் எஞ்சின் விசிறி அதில் பட்டால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி இலக்கங்கள். பலகையில் எழுதப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அலை உயரம் 2 மீற்றர் என்று அறிவித்தால், எந்த அலையும் 2 மீற்றரைத் தாண்டாது என்று அர்த்தமில்லை. எழும் அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கை எடுத்து அவற்றுக்குச் சராசரி பார்த்த கணக்கு அது. நீண்ட நேரம் கடலில் நின்றால், இடையிடையே அதன் இரண்டு மடங்கை நெருங்கும் அலை ஒன்று வந்தே தீரும். 4 மீற்றர் என்றால் 13 அடி. அண்ணாவின் பைபர் படகு 18 அடி நீளம். நான் பலகை எழுதினால் சராசரியோடு சேர்த்து “பெரிய அலை 4 மீற்றர் வரை வரலாம்” என்றும் எழுதுவேன்.

காற்றும் அப்படித்தான். மணிக்கு 25 கிலோமீற்றர் வீசிய காற்று 50 ஆனால், படகின்மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். எதிர்வுகூறலில் சாதாரண வேகம் ஒன்று, இடைக்கிடை அதிகரிக்கும் வேகம் ஒன்று என்று இரண்டு இலக்கம் வரும். எங்கள் ஆட்கள் முதல் இலக்கத்தைத்தான் கேட்கிறார்கள். பலகையில் பெரிய எழுத்தில் போகவேண்டியது இரண்டாவது இலக்கம். தம்பிமார் பலர் இப்போது கைத்தொலைபேசியில் நிறநிறமாகக் காற்றுப் படம் பார்க்கிறார்கள். நல்லது, பார்க்கட்டும். ஆனால் அதில் வேகம் பெரும்பாலும் நொட் கணக்கில் இருக்கும். 1 நொட் என்பது 1.852 கிலோமீற்றர். 25 என்று திரையில் கண்டால் அது 46 கிலோமீற்றர் காற்று. இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு கடலுக்கு இறங்குவது ஆபத்து.

கைத்தொலைபேசிப் படம் காட்டாத ஒன்றும் இருக்கிறது: இடிமழைக் காற்று. பங்குனி சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும், பிற்பகலில் உள்நாட்டில் முகில் எழும்பி மாலையானால் கரைப்பக்கம் சாயும். அந்த முகிலுக்குள்ளிருந்து குளிர்காற்று கீழே விழுந்து, கடல்மேல் பரந்து, மழைக்கு முன்பே வந்து அடிக்கும். சில நிமிடங்களில் அமைதியான கடல் படகைக் கவிழ்க்கும் கடலாக மாறிவிடும். எதிர்வுகூறலின் கடைசி வரியில், இடியுடன் கூடிய மழை பெய்யும் இடங்களில் பலத்த காற்று வீசலாம், கடல் கடுமையாகக் கொந்தளிக்கலாம் என்று அநேகமாக எப்போதும் இருக்கும். எப்போதும் இருப்பதாலேயே யாரும் அதை வாசிப்பதில்லை. எந்த இடத்தில் எத்தனை மணிக்கு அடிக்கும் என்று உலகில் எந்த நிலையத்தாலும் முதல் நாளே சொல்ல முடியாது. ஆகவே அந்த நேரம் கண்ணும் காதும்தான் கருவி. மின்னலைக் கண்டதிலிருந்து முழக்கம் கேட்கும் வரை எண்ணுங்கள். 3 செக்கனுக்கு 1 கிலோமீற்றர். 30 எண்ணுவதற்குள் முழங்கினால் அது 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வலையை இழுத்து முடிக்கலாம் என்று நிற்கக் கூடாது.

பெயர் வைத்த புயல்கள் வேறு விதம். 1964 டிசம்பர்ப் புயலையும் 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த சூறாவளியையும் எங்கள் மூத்தவர்கள் கண்டார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி எங்களுக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா நாட்டையே உலுக்கியது. புரெவிக்கு முன்னரே அறிவித்தல் வந்தது, படகுகள் மேலே இழுத்துக் கட்டப்பட்டன. பெரிய புயல் வருகிறது என்றால் ஊரே பேசும். வானொலி, பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் சொல்லும். 2013 ஜூன் 8 அப்படி இல்லை. மேற்கிலும் தெற்கிலும் பெயரில்லாத ஒரு காற்று விடியற்காலையில் கடலில் நின்றவர்கள்மேல் விழுந்தது, பல பத்து மீனவர்கள் திரும்பி வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் விரைந்து திரண்டபோது, ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி சேர வழியிருக்கவில்லை. எச்சரிக்கை எழுதப்படுவது ஒன்று, அது படகில் இருப்பவன் காதுக்குப் போய்ச் சேர்வது இன்னொன்று. எங்கள் ஒருநாட் படகுகளில் பெரும்பாலானவற்றில் வானொலிக் கருவி இல்லை. பொலித்தீன் பையில் சுற்றிய கைத்தொலைபேசிதான் இருக்கிறது. கொஞ்சத் தூரம் போனதும் அதற்கும் சிக்னல் கிடையாது. ஆகவே சொல்லவேண்டியதைக் கரையில் வைத்தே சொல்லிவிட வேண்டும்.

அதனால்தான் கொப்பி. ஒரு படகு திரும்பவில்லை என்று கரையில் எப்போது தெரிகிறது? பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் படகு வந்து, “இன்னும் வரேல்லையோ?” என்று கேட்கும்போதுதான். அதற்குள் மத்தியானமாகிவிடும். மணிக்கு 3 கிலோமீற்றர் அடித்துச் செல்லப்படும் படகை 2 மணித்தியாலத்தில் தேடத் தொடங்கினால், கடைசியாக நின்ற இடத்திலிருந்து 6 கிலோமீற்றருக்குள் தேடலாம். 6 மணித்தியாலம் போனால் 18 கிலோமீற்றர். தேடவேண்டிய கடலின் பரப்பு ஒன்பது மடங்காகிவிடும். எந்தப் பக்கம் போனான் என்றே தெரியாவிட்டால் கடற்படையும் கரையோரக் காவல்படையும் எங்கே போய்த் தேடும்? படகின் இலக்கம், நிறம், ஆட்களின் பெயர், போன திசை, திரும்பும் நேரம் — கொப்பியில் ஒரு வரி. சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு எழுதுபவர் அழைப்பெடுக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எல்லோருக்கும் தெரிந்த இலக்கம். அதையும் பலகையிலேயே பெயின்ற்றால் எழுதி வையுங்கள்.

எழுதும் இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும் என்று கேட்கிறேன். படகுகள் வெளியே நிற்கும் நேரத்தில் கரையில் நிற்பவர்கள் அவர்கள்தான். யார் வந்தார், யார் வரவில்லை என்பதை எந்த உத்தியோகத்தரையும்விட முதலில் அறிபவர்களும் அவர்கள்தான். மற்றவர் கடலை விட்டு ஓய்ந்த பெரியவராக இருக்கட்டும். அவர் வானத்தைப் பார்த்துச் சொல்வதும் பலகையில் ஏற வேண்டும். எதிர்வுகூறலும் பெரியவரும் முரண்பட்டால், எது கடுமையாகச் சொல்கிறதோ அதை எழுதுங்கள். பருவத்துக்கு நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வந்து கரையில் வாடி (தற்காலிகக் குடிசை) அடித்துத் தங்கும் தொழிலாளர்களும் எங்கள் துறையில் இருக்கிறார்கள். எங்கள் காற்று அவர்களுக்குப் பழக்கமில்லாத காற்று. சிங்களத்திலும் இரண்டு வரி எழுதுங்கள்.

சம்மாட்டிமாரிடம் தனியாக ஒன்று. கடல் மோசமென்று தெரிந்தும் ஆட்கள் போவது துணிச்சலால் என்று வெளியூரார் நினைக்கிறார்கள். கடனால் போகிறார்கள். முற்பணம் வாங்கியவனுக்கு, “இன்றைக்கு நான் போகவில்லை” என்று சொல்ல வாய் வராது. பலகையில் “இறங்க வேண்டாம்” என்று எழுதிய நாளில் வேலைக்கு வராதவன்மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை, அந்த நாளைக் கணக்கில் பிடிப்பதுமில்லை என்று நீங்கள் சங்கத்தின் முன்னால் ஒத்துக்கொண்டால், அது எந்தச் சிவப்பு எச்சரிக்கையையும்விட அதிகம் உயிர் காக்கும். சங்கத்துச் சேமிப்பில் ஒரு பகுதியை அப்படியான நாட்களுக்கு அரிசி பருப்புக்கென்று ஒதுக்க முடியுமா என்பதையும் பேசுங்கள்.

பயணிகளை ஏற்றும் தம்பிமாருக்கு: புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். அந்தக் கிட்டத்தை நம்பித்தான் காப்புச்சட்டை இருக்கைக்குக் கீழே கிடக்கிறது. மேலே நான் எழுதிய கச்சான் உங்கள் சீசன் முழுவதும் வீசுகிறது. வெளிநாட்டுக்காரரோ கொழும்பிலிருந்து வந்த குடும்பமோ, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கடலை மதிக்கிறார்கள். திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப் போகிறவர்கள் அதைவிட வெகுதூரம் வெளியே போகிறீர்கள். விடியற்காலையில் போய், காற்று ஏறுமுன் திரும்புங்கள். ஆசனத்துக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். உங்கள் பயணமும் கொப்பியில் ஏற வேண்டும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தார் இந்த மடலைக் காண நேர்ந்தால் அவர்களிடமும் இரண்டு வேண்டுகோள். கிழக்குக் கரையை இன்னும் சிறிய துண்டுகளாகப் பிரித்து எழுத முடியுமானால் பலகை எழுதுபவரின் வேலை பாதியாகும். அலையின் உயரத்தோடு, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை செக்கன் என்பதையும் சேருங்கள். 2 மீற்றர் அலை 12 செக்கனுக்கு ஒருமுறை வந்தால் வெளியே படகு ஏறி இறங்கிப் போய்விடும், ஆனால் முகத்துவாரத்தில் அதே அலை சுவராக எழும்பும். 5 செக்கனுக்கு ஒருமுறை வந்தால் வெளியிலேயே நிற்க முடியாது. எங்கோ வடக்கே ஒரு தாழமுக்கம் இருக்கும், இங்கே காற்றே இருக்காது, நீண்ட அலை மட்டும் வந்து முகத்துவாரத்தில் உடையும். அந்த நாட்களில் உயரத்தைச் சொல்லும் இலக்கம் மட்டும் போதாது.

சங்கத் தலைவர்களே, வருகிற மாதக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள். அன்றைய எதிர்வுகூறலோடு வருகிறேன். அதை உங்கள் துறைக்கு ஏற்ப எப்படி நான்கு வரியில் சுருக்குவது என்று எல்லோரும் சேர்ந்து எழுதிப் பார்ப்போம். உப்புவெளியோ சல்லியோ மூதூரோ, எங்கே கூப்பிட்டாலும் வருவேன். பழைய கரும்பலகை ஒன்றும் வெண்கட்டிப் பெட்டியும் என்னிடம் இருக்கின்றன, முதல் துறைக்கு அதைத் தருகிறேன். எழுதப் போகும் இரண்டு பேரையும் கூட்டத்துக்கு முன்பே தெரிந்து வையுங்கள். ஐப்பசி இடி தொடங்குமுன் பலகை நின்றுவிட வேண்டும்.

அன்புடன்,
கடற்றொழில் குடும்பத்து ஆசிரியை ஒருத்தி,
திருகோணமலை